100க்கு 34: டச்பேடைக் கொன்ற கமிட்டைத் தேடிப் பிடித்தது

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, சோதனை ஸ்கிரிப்டை ஓடவிட்டுப் படுத்தேன். மெஷின் நூறு தடவை தூங்கி நூறு தடவை எழ வேண்டும், எழும்போது டச்பேட் எத்தனை தடவை சாகிறது என்று ஸ்கிரிப்ட் எண்ணும். ஒன்றே முக்கால் மணி நேர வேலை. காலையில் பார்த்தால் கடைசி வரியில் 100க்கு 0 தோல்வி. ஐந்து வாரம் முன்னால் இதே ஸ்கிரிப்ட் இதே மெஷினில் 34 என்று சொன்னது. நடுவில் நடந்ததை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். இதில் பாதிக்குமேல் நான் செய்த தப்புகள்தான்.

மெஷின் ஒன்றும் பெரிய மெஷின் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 19,000 ரூபாய்க்கு வாங்கிய செகண்ட்ஹேண்ட் லேப்டாப். நாலு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன், அதனால் அதன் மையமான கெர்னல் 6.1 வரிசை. எனக்குப் பிழைப்பு ஒரு ஆபீஸில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. சி எழுதியது கல்லூரியோடு சரி.

ஏப்ரலில் ஒருநாள் வழக்கமான அப்டேட் போட்டேன். மறுநாளிலிருந்து மூடியைச் சாத்தித் திறந்தால் சில சமயம் கர்சர் நகரவில்லை. கீபோர்டு வேலை செய்கிறது, வைஃபை வருகிறது, டச்பேட் மட்டும் கட்டை மாதிரி கிடக்கிறது. சில சமயம் என்பதுதான் பிரச்சினை. எப்போதும் செத்திருந்தால் அன்றைக்கே கெர்னலைச் சந்தேகித்திருப்பேன். விட்டு விட்டு வந்ததால் கேபிள் லூஸ் என்று முடிவு கட்டி, பின்மூடியைக் கழற்றி, டச்பேட் ரிப்பன் கேபிளை உருவி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து மறுபடி செருகினேன். ஆல்கஹால் பாட்டில் 120 ரூபாய். ஒரு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது இன்னும் கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க டச்பேட் நன்றாக ஓடியது. 'பார்த்தாயா, கேபிள்தான்' என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டேன். காலையில் திறந்தால் மறுபடி கட்டை. ஆபீஸ் போகிற வழியில் 350 ரூபாய்க்கு ஒரு மவுஸ் வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னல் இன்னும் இருக்கிறதே என்று. அதில் பூட் செய்து ஓட்டினேன். இரண்டு நாள், இருபது முப்பது தடவை மூடித் திறந்திருப்பேன், ஒருமுறைகூடச் சாகவில்லை. புதியதுக்குத் திரும்பினேன், மூன்றாவது தடவையே செத்தது. கேபிள் பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

டச்பேட் செத்த சமயத்தில் கெர்னல் லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: இன்கம்ப்ளீட் ரிப்போர்ட், 16/65535. இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்த மாதிரி டச்பேட், ஐ2சி என்ற இரண்டு கம்பி வழியில் பேசுகிறது. அந்தக் கம்பிகள் சும்மா இருக்கும்போது மேலே இழுத்துக் கட்டிய நிலையில், அதாவது 1 என்ற நிலையில் இருக்கும். பேசுகிறவர் அதைக் கீழே இழுத்தால் 0. டிரைவர் முதலில் 'எத்தனை பைட் அனுப்பப் போகிறாய்' என்று 16 பிட் எண் ஒன்றைப் படிக்கிறது. 65535 என்றால் பதினாறு பிட்டும் 1. அந்தப் பக்கம் யாருமே கம்பியை இழுக்கவில்லை. டச்பேட் தப்பான பதில் சொல்லவில்லை, பதிலே சொல்லவில்லை.

டச்பேட் மாட்யூலை, அதாவது கெர்னலில் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டை, இறக்கி மறுபடி ஏற்றினால் உயிர் வந்துவிட்டது. மெஷின் தூங்கி எழும்போது சிஸ்டம்டி என்ற பின்னணி நிரல் ஓட்டுகிற கோப்பகத்தில் நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டு அதைத் தானாக நடக்கும்படி செய்தேன். விவரமானவன் இதோடு நிறுத்தியிருப்பான். ஆனால் பைசெக்ட், பைசெக்ட் என்று பத்து வருஷமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒருதடவைகூடச் செய்ததில்லை. இப்போது கைவசம் ஒரு நல்ல கெர்னல், ஒரு கெட்ட கெர்னல், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன குடும்பம், மூன்றும் இருந்தது.

பைசெக்ட் புதிதானவர்களுக்கு ஒரு வரி: நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் இருக்கிற மாற்றங்களில் பாதியில் போய் நின்று பில்ட் செய்து சோதிக்க வேண்டும். கெட்டது என்றால் முன்பாதி, நல்லது என்றால் பின்பாதி. டிக்‌ஷனரியில் சொல் தேடுகிற மாதிரிதான். என் இரண்டு கெர்னலுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,100 கமிட், அதாவது தனித்தனியாகப் பதிந்த மாற்றங்கள். பத்து பில்டில் முடிய வேண்டும்.

முதலில் கெர்னல் சோர்ஸ் இறங்க வேண்டுமே, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவி வழியாக. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, மொபைல் ஹாட்ஸ்பாட்தான். வரலாறு இல்லாமல் கடைசி நிலையை மட்டும் குளோன் செய்தால் சீக்கிரம் இறங்கும் என்று அப்படிச் செய்தேன். இறங்கிய பிறகுதான் மண்டையில் அடித்துக்கொண்டேன். பைசெக்ட்டுக்கு வேண்டியதே வரலாறுதான். முழுக் குளோனை ஆரம்பித்தேன். 60 சதவீதத்தில் சிக்னல் விட்டது. கிட் குளோன் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். இரண்டு நாள் டேட்டா போச்சு. கெர்னல்.ஆர்க் தளத்தில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். மொத்த ரெப்போவையும் ஒரே பண்டில் கோப்பாகக் கொடுக்கிறார்கள். அதைச் சாதாரண டவுன்லோடாக, நின்றால் தொடரும்படி இறக்கி, அந்தக் கோப்பிலிருந்து உள்ளூரிலேயே குளோன் செய்துகொண்டு, மிச்சத்தை மட்டும் நெட்டிலிருந்து ஃபெட்ச் செய்தால் போதும். 4 ஜிபிக்கு மேல் ஆனது. மூன்று ராத்திரி.

அடுத்தது கான்ஃபிக், கெர்னலில் எதெது சேர வேண்டும் என்று சொல்லும் கோப்பு. டெபியன் கொடுத்த கான்ஃபிக்கையே காப்பி செய்து முதல் பில்டை ஆரம்பித்தேன். சான்றிதழ் கோப்பு ஒன்று இல்லை என்று உடனே நின்றது. டெபியன்காரர்கள் அவர்கள் வீட்டுச் சாவியின் பெயரை கான்ஃபிக்கில் எழுதியிருக்கிறார்கள், சாவி நம்மிடம் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக்கினால் தாண்டிப் போகிறது. பிறகு பில்ட் ஓடியது, ஓடியது, 1 மணி 50 நிமிஷம் ஓடியது. உலகத்தில் இருக்கிற எல்லா நெட்வொர்க் கார்டுக்கும் டிவி கார்டுக்கும் என் லேப்டாப் டிரைவர் தயாரித்துக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து லோக்கல்மாட்கான்ஃபிக். இப்போது மெமரியில் ஏறியிருக்கிற மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடும். பில்ட் 13 நிமிஷமாகச் சுருங்கியது. ஆனால் அது வார்த்தைக்கு வார்த்தை 'இப்போது ஏறியிருப்பது' என்றே எடுத்துக்கொள்ளும். நான் அதை ஓட்டிய நேரத்தில் பென்டிரைவ் செருகியிருக்கவில்லை, போனை யுஎஸ்பியில் கட்டியிருக்கவில்லை. அதனால் புதுக் கெர்னலில் பென்டிரைவும் தெரியவில்லை, போன் வழி நெட்டும் இல்லை. பாகத்தையெல்லாம் ஒருமுறை செருகி எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

பூட் செய்தால் கையெழுத்து சரியில்லை என்று ஷிம் என்ற பூட் நிரல் தடுத்தது. கையெழுத்தைக் கட்டாயமாக்கும் செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்தேன். அடுத்து கெர்னல்கள் இருக்கும் /பூட் பகுதி நிரம்பிவிட்டது. பார்த்தால் பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஒன்று மட்டும் 400 எம்பிக்கு மேல். பிழை தேட உதவும் டீபக் தகவலோடு மாட்யூல்களை அப்படியே உள்ளே திணித்திருக்கிறது. கான்ஃபிக்கில் டீபக் தகவலை அணைத்து, மாட்யூல் நிறுவும்போது ஸ்ட்ரிப் செய்யச் சொன்னதும் 40 எம்பிக்கு வந்தது. பில்டும் 9 நிமிஷமானது. இவ்வளவும் பைசெக்ட் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே. ஒரு வாரம் போயிருந்தது.

மதுரையில் மே மாத மத்தியானம் எட்டு த்ரெட்டில் கெர்னல் பில்ட் செய்வது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. சிபியு 96 டிகிரிக்குப் போய்த் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டது. லேப்டாப்பின் நாலு மூலைக்கும் நாலு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அடியில் காற்று போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்பினேன். 84 டிகிரி. 9 நிமிஷம் 7 ஆனது. செலவில்லாத கூலிங் பேட். ஒரு சனிக்கிழமை எங்கள் ஏரியாவில் பராமரிப்புக்காக மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து. பேட்டரி நாற்பது நிமிஷத்தில் கையை விரித்தது, அதுவும் பில்டின் நடுவில். கரண்ட் வந்து தொடர்ந்தால் ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு அரைகுறை என்று லிங்கர் திட்டியது. எந்தக் கோப்பு என்று தேடி அரை மணி நேரம் வீணடித்தேன். பழைய பில்டைத் துடைத்துவிடும் மேக் கிளீன் போட்டிருந்தால் ஏழே நிமிஷம்.

முதல் பைசெக்ட் சுகமாகப் போனது. ஒவ்வொரு பில்டுக்கும் பூட் செய்வேன், மூடியை மூன்று தடவை சாத்தித் திறப்பேன், டச்பேட் செத்தால் கெட்டது, சாகாவிட்டால் நல்லது. இரண்டு சாயங்காலத்தில் பத்து படியும் முடிந்தது. இதோ முதல் கெட்ட கமிட் என்று கிட் எடுத்துக் காட்டியது. திறந்து பார்த்தேன். ஏதோ ஒரு ஆர்ம் போர்டின் ஹார்ட்வேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் ஒரு வோல்டேஜ் எண்ணை மாற்றியிருக்கிறார்கள்.

என் லேப்டாப் எக்ஸ்86, ஆர்ம் அல்லாத வேறு வகைச் சில்லு. அந்தக் கோப்பு என் பில்டில் சேரவே சேராது. திருநெல்வேலியில் மழை பெய்ததால் என் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது என்கிற மாதிரி. கிட்மேல் தப்பிருக்க முடியாது, நான் சொன்னதைத்தான் அது நம்பியது. அப்படியானால் நான் எங்கோ பொய் சொல்லியிருக்கிறேன்.

பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். டச்பேட் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை சாகிறது. கெட்ட கெர்னலை மூன்று தடவை சோதித்து மூன்றிலும் தப்பிக்க வாய்ப்பு 8/27, கிட்டத்தட்ட 30 சதவீதம். பத்து படியில் பாதி கெட்டது என்று வைத்தால், அதில் ஒன்றையாவது நான் நல்லது என்று தவறாகக் குறித்திருக்க வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல். பன்னிரண்டு தடவை சோதித்தால் தப்பிக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே போகிறது.

பன்னிரண்டு தடவை மூடியைச் சாத்த எனக்குப் பொறுமை கிடையாது. ஆர்டிசி-வேக் என்று ஒரு கருவி, மெஷினைத் தூங்க வைத்து, சொன்ன விநாடியில் கடிகாரச் சில்லு வழியாக எழுப்பிவிடும். அதை வைத்து ஸ்கிரிப்ட் எழுதினேன். தூங்கு, எழு, பத்து விநாடி பொறு, லாக்கில் அந்த வரி வந்ததா பார், எண்ணு. வந்திருந்தால் மாட்யூலை இறக்கி ஏற்றிவிட்டு அடுத்த சுற்று. சோதித்துப் பார்க்க, கெட்டது என்று உறுதியாகத் தெரிந்த கெர்னலில் ஓட்டினேன். 5 விநாடித் தூக்கம், 20 சுற்று. தோல்வி 0.

இதில் ஒரு முழு ராத்திரி போனது. ஸ்கிரிப்ட் தப்பா, மூடியைச் சாத்துவதும் ஆர்டிசி-வேக்கும் வேறு வேறு வகைத் தூக்கமா, என்னென்னவோ தேடினேன். கடைசியில் எரிச்சலில் 5-ஐ 60 ஆக்கினேன். டச்பேட் சாக ஆரம்பித்தது. மாற்றி மாற்றிப் பார்த்ததில் 30 விநாடிக்குக் கீழே வருவதில்லை, 45க்கு மேல் மூன்றில் ஒன்று. குறைந்த நேரத்தில் டச்பேடின் மின்சாரம் முழுசாக வடிவதில்லை, அதனால் விழிப்பதற்கும் சிரமமில்லை என்பது என் ஊகம். பொதுவாகச் சோதனையை வேகப்படுத்த நேரத்தைக் குறைப்போம். இங்கே குறைத்ததும் பிழையே ஓடி ஒளிந்துவிட்டது. 50 விநாடி என்று நிறுத்தினேன். 12 சுற்று, 12 நிமிஷம். அடிப்படை அளவு வேண்டும் என்று அதே கெட்ட கெர்னலில் 100 சுற்றும் ஓட்டினேன். அந்த 34 அப்போது வந்ததுதான்.

முதல் பைசெக்ட் முழுசாக வீண் இல்லை. நான் 'கெட்டது' என்று குறித்த இடங்களிலெல்லாம் டச்பேட் செத்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவற்றில் சந்தேகமில்லை. 'நல்லது' என்று குறித்தவைதான் வெறும் நம்பிக்கை. கிட் பைசெக்ட் லாக் எல்லாக் குறிப்புகளையும் ஒரு கோப்பாகத் தரும். அதில் நான் போட்ட நல்ல குறிகளை மட்டும் அழித்துவிட்டு, ஆரம்பத்தில் மாதக்கணக்கில் ஓடிய பழைய வெளியீட்டை மட்டும் நல்லதாக வைத்து, ரீப்ளே கொடுத்தேன். 6.1 வரிசை ஒற்றை நூல் மாதிரி நேராகப் போவதால் கணக்கு எளிது. ஆர்ம் போர்டு கமிட்டிலும் டச்பேட் செத்ததைப் பார்த்தாயிற்று. எனவே அசல் குற்றவாளி அதுவோ அதற்கு முன்னால் எங்கோ. மிச்சம் 170 சொச்சம் கமிட், எட்டு பில்ட்.

இரண்டாவது சுற்றில் நாலாவது படியிலேயே முதல் சுற்றின் ஒரு பொய் அகப்பட்டது. நான் நல்லது என்ற இடத்துக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டில் ஐந்து சாவு. எட்டாவது பில்ட் முடிந்து கிட் காட்டிய கமிட்டைத் திறந்தபோது, கோப்பின் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐ2சி வழியாகப் பேசும் டச்பேட் டிரைவர். மொத்தம் ஒன்பது வரி. எல்லாம் நீக்கம்.

என்ன நீக்கியிருக்கிறார்கள் என்றால், ஒரு காத்திருப்பு. தூங்கி எழும்போது டச்பேடுக்கு மின்சாரம் கொடுத்த பின்னால், அது கண் விழிக்கட்டும் என்று டிரைவர் சில மில்லி விநாடி சும்மா இருக்கும். அந்தப் பொறுமை இனி வேண்டாம், எல்லா மெஷினும் இதனால் தாமதமாக எழுகிறது என்று கமிட் செய்தி சொல்கிறது. நியாயமாகத்தான் இருந்தது. என் டச்பேட் மட்டும் சோம்பேறி. மின்சாரம் வந்து அது எழுந்து உட்காருவதற்குள் டிரைவர் கூப்பிட்டு, பதிலில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது.

கடைசி 6.1 வெளியீட்டின்மேல் அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்தேன். மோதல் ஒன்றும் இல்லாமல் ஒரே கட்டளையில் போனது. பில்ட், பூட், 100 சுற்று: 0. ரிவர்ட் என்பது பழைய கமிட்டை வரலாற்றிலிருந்து அழிப்பதில்லை. அதைத் தலைகீழாக்கிப் புதிதாக இன்னொரு கமிட் போடுவதுதான். கிட் தானாக எழுதித் தருவது 'இது இன்ன கமிட்டைத் திருப்புகிறது' என்ற ஒற்றை வரி. அது மட்டும் போதாது. ஏன் திருப்புகிறோம், என்ன உடைந்தது, எப்படிச் சோதித்தோம் எல்லாம் எழுத வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். குற்றவாளிக் கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்து போட்டு ஃபிக்ஸஸ் வரி, கீழே என் பெயரில் சைன்ட்-ஆஃப்-பை வரி. வடிவத்தைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஓட்டி இரண்டு இடத்தில் வரி நீளத்தைச் சரி செய்தேன். யாருக்கு அனுப்ப வேண்டும் என்று கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டிடம் கேட்டு வைத்தேன். பயனாளியிடம் ஓடிக்கொண்டிருந்ததை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கும் முதல் விதி. சட்டம் என் பக்கம் என்ற தெம்பில் இருந்தேன்.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர் ஒருவன் பெங்களூரில் எம்பெடட் வேலையில் இருக்கிறான். பெருமையடிக்கத்தான் போன் போட்டேன்.

"அண்ணே, ரிவர்ட்ட அனுப்பிட்டீங்களா?"

"இல்லடா, நாளைக்கு."

"மெயின்லைன்ல ஒருதடவ போட்டுப் பாத்தீங்களா?"

"அதே கமிட்டு அங்கயும் இருக்குடா. அங்கருந்துதானே இங்க வந்துருக்கு. அங்கயும் உடைஞ்சுதான் இருக்கும்."

"இருக்கும்னு சொல்றீங்க. பாத்தீங்களான்னு கேட்டேன்."

பார்க்கவில்லை. மெயின்லைன் என்றால் புது மாற்றங்கள் முதலில் சேரும் மூல வரிசை. அது 6.1லிருந்து வெகுதூரம், கான்ஃபிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துவைக்கும் சி-கேஷ் முதல் பில்டுக்கு உதவாது. சோம்பல்தான், வேறொன்றுமில்லை. திட்டிக்கொண்டே பில்ட் செய்தேன். 100 சுற்று. 0.

ரிவர்ட் இல்லாமலே 0. அந்த ஒன்பது வரி அங்கேயும் இல்லை. ஆனால் டச்பேட் எழுகிறது.

இதைக் கேட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "6.1.64 மாதிரிண்ணே." 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியீட்டை அவசரமாக நிறுத்திவைத்த சமாச்சாரம் அது. 6.1.64 கெர்னலில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் டேட்டா கெடும் வாய்ப்பு இருந்தது. மெயின்லைனில் இரண்டு கமிட் ஜோடியாக இருந்து சரியாக வேலை செய்தன. பழைய வரிசைக்குக் கொண்டுவரும்போது ஒன்று மட்டும் வந்தது, அதற்குத் துணை வரவில்லை. நல்ல திருத்தம், தனியாக வந்ததால் பிழை. டெபியன் 12.3ஐ விட்டுவிட்டு, டிசம்பர் 10 அன்று சரியான கெர்னலோடு 12.4ஐ வெளியிட்டது. வேடிக்கை, அந்தப் புதுக் கெர்னலான 6.1.66ல் வைஃபை பக்கம் வேறொரு மாற்றம் உதைத்தது. மறுநாளே 6.1.67 வந்தது. அதே நாளில் வந்த 6.6.6 வெளியீட்டில் மொத்தமே ஒரே ஒரு மாற்றம்தான், அந்த வைஃபை கமிட்டின் ரிவர்ட். ஆக இரண்டு வகையும் உண்டு. சிலதைத் திருப்ப வேண்டும், சிலதுக்குத் துணையைக் கூட்டிவர வேண்டும். என்னுடையது எது என்று பார்க்காமலேயே திருப்பப் போயிருக்கிறேன்.

துணையைத் தேட இன்னொரு பைசெக்ட் வேண்டியிருக்கவில்லை. 6.1க்குப் பிறகு அந்த டிரைவர் கோப்பகத்தைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் கிட் லாகில் வரிசையாகக் கேட்டேன். தலைப்புகளைப் படிக்க ஒரு காபி நேரம் ஆனது. காத்திருப்பை நீக்கிய கமிட்டுக்கு மேலே, அதே ஆள், அதே நாளில் போட்ட இன்னொன்று இருந்தது. முதலில் கூப்பிட்டுப் பார், பதிலில்லை என்றால் சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிடு, அப்புறம் கைவிடு. அவ்வளவுதான் அதில். எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு காக்கவைக்காமல், சோம்பேறிகளுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. என் ரிவர்ட்டைவிட நூறு மடங்கு நல்ல தீர்வு.

என் ரிவர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்தத் துணைக் கமிட்டை 6.1மேல் செர்ரி-பிக் செய்தேன், அதாவது அதை மட்டும் எடுத்து வைத்தேன். ஒரு இடத்தில் மோதியது. 6.1ல் அந்த ஃபங்ஷனுக்கு வேறு பெயர், ஒரு ஆர்க்யூமென்ட் குறைவு. கையால் ஒட்டினேன். முதல் தடவை மறுமுயற்சி எண்ணிக்கையைத் தவறான பக்கத்தில் ஒட்டிவிட்டேன். பயன்படாத மாறி என்று கம்பைலர் எச்சரித்தது. எச்சரிக்கைதானே என்று பூட் செய்தேன். 12 சுற்றில் 4 சாவு. எச்சரிக்கையைப் படித்துத் திருத்தினேன். 12க்கு 0, பிறகு 100க்கு 0.

அனுப்புவதிலும் ஒரு சறுக்கல். ஆர்வத்தில் போனிலிருந்தே மெயில் எழுதினேன். எச்டிஎம்எல் மெயிலைக் கெர்னல் முகவரிகள் ஏற்காது, நிமிஷத்தில் திரும்பி வந்தது. கிட் சென்ட்-ஈமெயில் அமைத்து வெறும் எழுத்தாக அனுப்பினேன். இந்த மாதிரிப் பழைய வரிசைக்குக் கொண்டுவரும் பேட்ச்சில் முதல் வரியிலேயே அசல் மெயின்லைன் கமிட் எது என்று எழுத வேண்டும், கையால் என்ன மாற்றினோம் என்பதை நம் கையெழுத்துக்கு மேல் குறிக்க வேண்டும். அப்படியே செய்து, 34 என்பதையும் 0 என்பதையும் 50 விநாடித் தூக்கத்தையும் எழுதினேன். நாலாம் நாள் ஒரு வரியில் பதில். வரிசையில் சேர்த்தாயிற்று.

செலவுக் கணக்கு: ஆல்கஹால் 120, மவுஸ் 350, கூடுதல் டேட்டா பேக் 300 சொச்சம். மொத்தம் 40க்கும் மேற்பட்ட பில்ட், எஸ்எஸ்டியில் சோர்ஸும் சி-கேஷும் சேர்ந்து 24 ஜிபி. நேரம், ஆபீஸ் போக ஐந்து வாரச் சாயங்காலங்கள். இதில் மூன்று வாரமாவது மிச்சம் பிடித்திருக்கலாம். அடுத்த தடவை முதல் நாளே 100 சுற்று ஓட்டி எத்தனையில் எத்தனை என்று தெரிந்துகொண்டுதான் பைசெக்டைத் தொடுவேன். இரண்டாவது, மாட்யூலை ஏற்றி இறக்கினால் உயிர் வருகிறது என்று தெரிந்தபோதே பிழை எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது. கிட் பைசெக்டுக்குக் கோப்பகப் பெயரைக் கொடுத்தால் அதைத் தொட்ட கமிட்டுகளை மட்டும் பார்க்கும். டச்பேடோடு தொடர்புள்ள எச்ஐடி, ஐ2சி, ஏசிபிஐ கோப்பகங்கள் மூன்றையும் கொடுத்திருந்தால் 1,100 கமிட் சில டஜனாகச் சுருங்கியிருக்கும். குற்றவாளி அந்த மூன்றுக்கும் வெளியே இருந்தால் கை நழுவும், அதற்காக முழு பைசெக்ட் எங்கும் ஓடிப் போய்விடாது. மூன்றாவது, மெயின்லைன் பில்ட். முதல் வாரமே செய்திருந்தால் பைசெக்டே தேவைப்பட்டிருக்காது என்று அந்த ஜூனியர் சொல்கிறான். அது கொஞ்சம் அதிகம். குற்றவாளி யாரென்று தெரியாமல் துணை எதுவென்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

டெபியனில் அந்தத் திருத்தம் வந்து சேரும்வரை நான் பில்ட் செய்த கெர்னலில்தான் ஓட்டினேன், அப்டேட் அதைத் தொடாதபடி பிடித்துவைத்து. நேற்று சாயங்காலம் டெபியனின் புதிய கெர்னல் வந்தது. பிடியை விட்டு, என் கெர்னல்களை நீக்கி, தூக்க ஸ்கிரிப்டையும் எடுத்துவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டேன். நேற்று ராத்திரி ஓடிய நூறு சுற்று அந்தக் கெர்னலில்தான். நாலு டம்ளரும் காலையில் சமையலறைக்குத் திரும்பிவிட்டன. ஒன்றின் விளிம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, இன்னும் வீட்டில் கவனிக்கவில்லை.